ரசீது இல்லாத இஸ்திரிப்பெட்டி

மகள் கைப்பேசியில் தேடிப் பிடித்து, மலிவு விலையில் ஏதோ வரவழைத்திருந்தாள். பெட்டியைப் பிரித்ததும் புது பிளாஸ்டிக் வாடை குப்பென்று வந்தது. நான் இரண்டடி பின்னால் நகர்ந்துவிட்டேன். சிரிக்காதீர்கள், நாற்பது வருஷமாக அந்த வாடைக்குப் பயந்துகொண்டிருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். தோட்டத்தை விட்டு ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் வாடகை வீட்டுக்கு வந்த புதிது. எனக்கு ஜெலாப்பாங்கில் தொழிற்சாலை வேலை. தோட்டத்து லயத்து வீடுகளில் பொழுது சாய்ந்த பிறகுதான் விளக்கு எரியும்; இங்கே பகலெல்லாம் கரண்டு! அந்தப் பவிசில் அம்மாவுக்கு ஓர் இஸ்திரிப்பெட்டி வாங்கித்தர ஆசைப்பட்டேன்.

சம்பள நாளில் தொழிற்சாலை வாசலில் ஒருவன் சாமான் விரித்திருந்தான். கடையில் சொல்வதில் பாதி விலை. தயங்கி நின்றேன். அவன் விலையைப் பற்றிப் பேசவே இல்லை.

"எந்தத் தோட்டம் தங்கச்சி?"

சொன்னேன்.

"அடடே! எங்க அக்காவ அங்கதான் கட்டிக் குடுத்திருக்கு லா. நீ நம்ம வீட்டுப் பிள்ள."

அவ்வளவுதான், கவிழ்ந்துவிட்டேன். நம் ஆட்களிடம் தோட்டத்துப் பெயரைச் சொன்னால் போதும், சொந்தமாகிவிடுவார்கள். சொந்தக்காரனிடம் ரசீது கேட்பதா? சூடேற்றிக் காட்டச் சொல்லவும் கூச்சம். புது பிளாஸ்டிக் வாடை மாறாத பெட்டியை அப்படியே வீட்டுக்குத் தூக்கி வந்தேன்.

முதல் நாளே கைப்பிடியில் கரண்டு சுருக்கென்றது. அடுத்த சம்பள நாளில் அவன் வரவில்லை. விசாரித்தால், அப்படியோர் அக்காவும் தோட்டத்தில் கிடையாது. ஏமாந்ததைச் சொல்ல மானம் விடவில்லை. அம்மா கேட்டபோது, "டவுன் கரண்டு அப்படித்தாம்மா, எல்லாப் பெட்டியும் சுருக்குங்கும்" என்றேன். மூன்றாம் படிவம் படித்த மேதாவி சொல்கிறேனே, அம்மா நம்பிவிட்டாள்.

அதன்பிறகு எனக்கு ஒரே திகில். அம்மாவை அந்தப் பக்கமே விடாமல் நானே தேய்த்துக்கொண்டேன். ஒருநாள் காலை அசந்து தூங்கிவிட்டேன். தொப்பென்று சத்தம். ஓடினேன். பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு, வெறுங்காலோடு என் சீருடையைத் தேய்க்கப் போயிருக்கிறாள். சிமெண்டுத் தரையில் கிடந்தாள். பக்கத்தில் சட்டை புகைந்துகொண்டிருந்தது. எனக்கு அம்மாவைத் தொடப் பயம். பெற்றவளைத் தொடப் பயந்து சுவரோடு ஒட்டி நின்றேன் ஐயா! பிறகுதான் சுவிட்சு நினைவுக்கு வந்தது.

அணைத்ததும் கொஞ்ச நேரத்தில் கண் திறந்தாள்.

"சட்ட கருகிருச்சா பிள்ள?"

அன்றே ஈப்போ டவுனில் ஒரு கடைக்குப் போனேன். அங்கேயே சூடேற்றிப் பார்த்து, ரசீதும் வாங்கிக்கொண்டு நல்ல பெட்டியாகக் கொண்டுவந்தேன். உண்மையை மட்டும் சொல்லவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்றே வருஷங்கள் ஓடிவிட்டன.

இப்போது அந்தத் தோட்டம் வீடமைப்புப் பகுதி. எந்தத் தோட்டம் என்று என்னை யாரும் கேட்பதில்லை. அம்மாவும் போய்விட்டாள். கடைசிவரை அந்த நல்ல பெட்டியைச் சிலிப்பர் போட்டுக்கொண்டு, ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பாள். பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள்: "டவுன் கரண்டு அப்படித்தான். எம் மக சொல்லியிருக்கா."