கோட்டு மூடினால் குற்றம்

என் தம்பி ஹார்லன் பிறந்ததிலிருந்து ஒரு சட்டத்தையும் மீறியதில்லை. எங்கள் குடும்பத்துக்கு அவனால் வந்த தொல்லை முழுவதும் அதனால்தான்.

குளிர்காலத்தில் எங்கள் மிச்சிகன் ஊரில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறான். கோடையில் ஊரார் வீட்டுப் புல்லை வெட்டுகிறான். யாருடைய கார் பள்ளத்தில் இறங்கினாலும் முதலில் கூப்பிடுவது அவனைத்தான். வருவான், இழுத்து விடுவான், ஒரு காபிகூடக் கேட்காமல் போய்விடுவான். வலது இடுப்பில் எப்போதும் ஒரு கைத்துப்பாக்கி இருக்கும். அதை அவன் யாரை நோக்கியும் நீட்டியதில்லை. வேட்டைக்கு வேறு துப்பாக்கி வைத்திருக்கிறான். இது எதற்கடா என்று கேட்டால், "உரிமையை உபயோகிக்கலைன்னா துரு பிடிச்சுடும் அக்கா" என்பான்.

ஊரில் பாதிப் பேரிடம் துப்பாக்கி உண்டு. என் பேக்கரியில் கல்லாவுக்கு அடியிலும் ஒன்று கிடக்கிறது. துப்பாக்கியை நான் பொறுத்துக்கொள்வேன். அதோடு கூடவே வரும் சட்டப் பிரசங்கத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. தபால் நிலையத்துக்குள் கொண்டு போகக் கூடாது, அதன் வாசலில் வண்டி நிறுத்தும் இடத்தில்கூட இருக்கக் கூடாது என்று எதிர்ச்சாரியில் வண்டியை நிறுத்தி, அதற்குள் துப்பாக்கியைப் பூட்டிவிட்டு, மழையில் நனைந்துகொண்டு போய் ஒரு ஸ்டாம்பு வாங்கி வருவான். இல்லினாய் மாநிலம் எங்கள் ஊர்த் துப்பாக்கி லைசென்ஸை மதிக்காது என்பதற்காக அங்கே சிகாகோவில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போவதையே நிறுத்திவிட்டான். சித்தி கேக் வைத்துக்கொண்டு காத்திருந்ததுதான் மிச்சம்.

எல்லாவற்றிலும் மோசம் சர்ச்சு. மறைத்துக் கொண்டு போக அவனிடம் லைசென்ஸ் உண்டு. ஆனால் சர்ச்சுக்குள் மறைத்து வைக்கப் போதகர் அனுமதி தர வேண்டும். எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருந்தாலோ, வெளியே போ என்று போதகர் சொல்லாதவரை லைசென்ஸ்காரனுக்குக் குற்றமில்லை. இந்தச் சட்டத்தை எந்தப் புண்ணியவான் எழுதினானோ! எங்கள் போதகர் ஆல்பர்ஸ் வழவழா கொழகொழா ஆசாமி. அனுமதி கேட்டால், "இன்ஷூரன்ஸ்காரங்க ஏதாவது சொல்வாங்களே ஹார்லன்" என்று இழுப்பார். வெளியே போ என்றும் சொல்லமாட்டார். சொன்னால் சர்ச்சு வாசலில் கிடக்கும் பனியைச் சும்மா தள்ள யார் இருக்கிறார்கள்?

ஆகவே ஜனவரி மாதத்தில், ஹீட்டர் கெட்டுப் போய் வாயிலிருந்து புகை புகையாக மூச்சு வரும் ஞாயிற்றுக்கிழமையிலும், என் தம்பி கோட்டைக் கழற்றி வாசல் கொக்கியில் மாட்டிவிட்டு வெறும் சட்டையோடு உட்கார்ந்திருப்பான். கோட்டு துப்பாக்கியை மூடினால் குற்றம். மூடாவிட்டால் குற்றமில்லை. பல் தந்தியடிக்க அவன் பாட்டுப் பாடுவதைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்படியே போயிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்போம். அவன் மகள் ஜானெல்லுக்குக் கல்யாணம் வந்தது.

ஜானெல்லின் அம்மா, குழந்தை பள்ளிக்கூடம் போகும் முன்பே இன்னொருவனோடு அரிசோனாவுக்குப் போய்விட்டாள். பனி வண்டி ஓட்டும் அந்த முரட்டுக் கையால் ஹார்லன் மகளுக்கு ஜடை பின்னக் கற்றுக்கொண்டான். கோணல்மாணலாகத்தான் வரும். அவள் அதோடுதான் பள்ளிக்கூடம் போவாள். இன்றைக்கு அவளே சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறாள். அப்பா சாம்பல் நிறக் கோட்டும் சூட்டும் போட்டு, சர்ச்சு வாசலிலிருந்து மாப்பிள்ளை நிற்கும் இடம் வரை தன்னைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போக வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

"அப்பாகிட்ட ஒரே ஒரு தடவைதான் சொன்னேன் அத்தை. கோட்டு வேணும், துப்பாக்கி வேண்டாம். கெஞ்சல்லாம் மாட்டேன். யோசிக்கிறேன்னு சொல்லியிருக்காரு" என்று போனில் சொன்னாள்.

அவன் யோசித்த அழகை நான் என் கடையிலேயே பார்த்தேன்.

"கோட்டு இடுப்பை மூடுது அக்கா. மூடினா மறைச்ச கணக்கு. மறைச்சா குத்தம்."

"அப்ப அந்தச் சனியனை வண்டியில வெச்சுப் பூட்டிட்டு வாடா. தபாலாபீசுக்குப் போறப்ப பூட்டலையா?"

"அங்க சட்டம் கூடாதுங்குது. இங்க கூடாதுன்னு எந்தச் சட்டமும் சொல்லலையே?"

"உன் பொண்ணு சொல்றாளே!"

"இப்படி ஒவ்வொருத்தருக்கா விட்டுக்குடுத்துத்தான் எல்லாத்தையும் பிடுங்கிடுவாங்க. கொள்கைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"வயசான காலத்துல கொள்கையா வந்து உன்னைப் பாத்துக்கும்? வாயில நல்லா வந்துடும், போயிடு."

போனான். ஒரு வாரம் கழித்து முகமெல்லாம் சிரிப்பாக வந்து, "வழி கண்டுபிடிச்சுட்டேன். ரெண்டு பேருக்கும் குறை இருக்காது" என்றான். புத்தி வந்துவிட்டது என்று நம்பி, அவனுக்கு அன்று சுட்ட ஆப்பிள் பை பலகாரம் ஒன்றை முழுசாகச் சும்மா கொடுத்தேன். என்னைச் சொல்ல வேண்டும்.

கல்யாணத்தன்று நானும் ஜானெல்லும் சர்ச்சு வாசலில் நின்றுகொண்டிருந்தோம். உள்ளே எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. ஹார்லன் வண்டியிலிருந்து இறங்கினான். சாம்பல் நிறக் கோட்டு, வாரிய தலை, பளபளவென்று ஷூ. எனக்கே கண் நிறைந்தது. பிறகு பக்கவாட்டில் திரும்பிக் காட்டினான். கோட்டின் வலது பக்கத்தில் இடுப்புக்கு நேரே ஓட்டை வெட்டி, ஓரத்தை அதே துணியால் மடித்துத் தைக்க வைத்திருந்தான். அந்த ஓட்டை வழியே துப்பாக்கி முழுசாக வெளியே தெரிந்தது.

"பாத்தியா ஜானெல்! உனக்குக் கோட்டு, எனக்குச் சட்டம். தையல்காரம்மாகிட்ட மூணு தடவை மாத்தச் சொன்னேன்" என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவன் வம்புக்குச் செய்யவில்லை. மகளுக்காகத்தான் அவ்வளவும் செய்திருந்தான். அதை நினைத்ததும் அவனை ஓங்கி ஓர் அறை விடலாமா என்றிருந்தது.

ஜானெல் கத்தவில்லை. "உள்ள இருக்கறவங்கள்ல யாரைப் பாத்துப்பா உனக்குப் பயம்?"

"பயமா? எனக்கென்ன பயம்? எல்லாம் நம்ம ஆளுங்கதானே."

"அப்ப எதுக்கு?"

"உரிமைம்மா. நீ இடது பக்கமா வா. உன் டிரஸ்ல படாது."

"எந்த இடத்துல என்ன உரிமைன்னு உனக்கு மனப்பாடமாத் தெரியும்ப்பா. என் கையைப் பிடிச்சு நடக்கறது எந்தச் சட்டத்துல இருக்கு? அது நான் குடுக்கறது. குடுத்துப் பாத்தாச்சு."

"சட்டப்படி பாத்தா ஜானெல்..."

"அத்தை, வாங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நடந்தோம். உள்ளே ஆர்கன் ஒலித்தது. ஜனங்கள் எழுந்து நின்று, என்னைப் பார்த்துவிட்டு, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாதி வழியில் வெளியே வண்டிக் கதவு படாரென்று சாத்தப்படும் சத்தம் கேட்டது. நாங்கள் மாப்பிள்ளை பக்கத்தில் போய் நிற்கவும், ஹார்லன் மூச்சிரைக்க வாசலில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. கோட்டு இல்லை. இடுப்பில் துப்பாக்கி உறை காலியாக இருந்தது.

போதகர் கையிலிருந்த புத்தகத்தைத் தாழ்த்தினார். ஜானெல் திரும்பிப் பார்த்தாள்.

"வாடா!" என்று சர்ச்சென்றும் பார்க்காமல் அங்கிருந்தே கத்தினேன்.

அவன் ஓரடி எடுத்து வைக்கவில்லை. "அவ அனுமதி குடுக்கணும் அக்கா" என்றான்.

மொத்தச் சர்ச்சும் ஜானெல்லைப் பார்த்தது. அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இல்லை, இந்த மடையனாவது நாலு எட்டு ஓடி வந்திருக்கலாம். அவள் வாய் திறக்கவில்லை, அவன் வாசலைத் தாண்டவில்லை. அவள் மெதுவாக மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள்.

மணப்பெண்ணைக் கொடுப்பது யார் என்று போதகர் கேட்டார். இரண்டாவது முறையும் கேட்டார். "நான்தான்" என்றேன்.