வெட்டுக்கிளி வீட்டுப் பூட்டு

என் அக்கா வீட்டுக்காரர் யாரையும் நம்ப மாட்டார். பால் பாக்கெட்டைக் கையில் வைத்து எடை பார்ப்பார். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தால், அந்த மருந்துக்கடை டாக்டருக்குச் சொந்தமா என்று வெளியே வந்து விசாரிப்பார். பூட்டு ரிப்பேர்க் கடை வைத்திருக்கிறார். அதே கடையில் டூப்ளிகேட் சாவி போடுகிறவன் நான். சாயங்காலம் நான் கிளம்பும்போது என் சட்டைப் பையை ஒரு பார்வை பார்ப்பார். மச்சினன் என்றால் மட்டும் சலுகையா என்ன.

இப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரே ஒருவனைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார். எங்கள் ஊர் ஃபுட்பால் டீமில் இடது ஓரத்தில் ஆடியவன். துள்ளித் துள்ளி ஓடுவதால் வெட்டுக்கிளி என்று பெயர். மீசை முளைக்கிற வயதில் அவன் போட்ட முதல் கோலை மாமா கேலரியில் நின்று பார்த்திருக்கிறார். பிறகு பெரிய டீம் ஒன்று அவனைத் தூக்கிக்கொண்டு போனது. அங்கே முட்டி போய் பெஞ்சில் உட்கார்ந்தான். குடிக்கிறான் என்று பேப்பரில் போட்டார்கள். எழுதினவன் ஊற்றிக் கொடுத்தானா என்று மாமா டீக்கடையில் மல்லுக்கு நின்றார். கடைசியில் எங்கள் டீமுக்கே திரும்பி வந்து முதல் மேட்சிலேயே கோல் அடித்தான். அன்றைக்கு மாமா அக்கா போட்ட டீயைக் குறை சொல்லாமல் குடித்தார். என்னை நம்பாத மனுஷன் எவனோ ஒருத்தனை நம்புகிறாரே என்று அக்காவுக்கு வயிற்றெரிச்சல்.

போன சீசன் கடைசி மேட்சில்தான் வந்தது வினை. ஜெயித்தால்தான் டீம் மேல் டிவிஷனில் இருக்கும். கடைசி நிமிஷத்தில் பெனால்டி. வெட்டுக்கிளி பந்தைக் கம்பத்துக்கு வெளியே அடித்தான். காசு வாங்கிவிட்டான் என்று ஊரே பேசியது.

மாமா முதலில் எல்லோரிடமும் சண்டை போட்டார். அப்புறம் பேச்சு குறைந்தது. கடையில் உட்கார்ந்து அந்த பெனால்டியை செல்போனில் ஓட்டி ஓட்டிப் பார்த்தார். அடிப்பதற்கு முன்னால் அவன் கேலரிப் பக்கம் ஏன் திரும்புகிறான் என்று ஒருநாள் என்னிடம் கேட்டார். அக்காவிடம் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அந்த ஒருத்தனையும் சந்தேகப்பட்டுட்டா, அப்புறம் இந்த மனுஷனுக்கு யாருடா இருக்கா?"

இந்த நிலைமையில்தான் ஒரு வீட்டில் பூட்டு மாற்ற வேண்டும் என்று போன் வந்தது. போனோம். கேட்டில் யாரோ கறுப்பு பெயின்ட்டால் கெட்ட வார்த்தை எழுதியிருந்தார்கள். கதவைத் திறந்தவன் வெட்டுக்கிளி.

காசு வாங்கினாயா என்ற கேள்வி மாமாவின் நாக்கு நுனியில் நின்றதை நான் பார்த்தேன். கேட்கவில்லை. குனிந்து வேலையை ஆரம்பித்தார். அவனோ எங்கள் தலைக்கு மேலேயே நின்றான். கூட இருந்த சிநேகிதனே சாவி வைத்திருந்து வீட்டிலிருந்து எதையெதையோ எடுத்துப் போய்விட்டானாம், அதனால்தான் மாற்றுகிறேன் என்றான். மாமா திருகுகிற ஒவ்வொரு ஸ்க்ரூவையும் பார்த்தான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

வேலை முடிந்து மாமா சாவிக்கொத்தை நீட்டினார். அவன் வாங்கவில்லை. இதற்கு இன்னொரு சாவி உங்களிடம் இல்லை என்று எப்படி நம்புவது என்று கேட்டான்.

வேறு யார் கேட்டிருந்தாலும் மாமா பூட்டைக் கழற்றி மூஞ்சியில் வீசிவிட்டு வந்திருப்பார். இப்போது பையைத் தரையில் கவிழ்த்தார். சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினார். என்னையும் காட்டச் சொன்னார். வெட்டுக்கிளி கீழே கிடந்த ஸ்க்ரூ டிரைவர்களையும் அரங்களையும் காலால் நகர்த்தி நகர்த்திப் பார்த்தான். அதே இடது கால். மாமா அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"வேற எங்கயாவது வச்சிருந்தா?" என்றான் அவன்.

"இல்லாததை எப்படித் தம்பி காட்டுறது?"

அவன் கால் நின்றது.

"நானும் ஊர்ல எல்லார்கிட்டயும் அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

பிறகு அவனே உட்கார்ந்து சாமான்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக் கொடுத்தான். வழியெல்லாம் மாமா வாய் ஓயவில்லை. அவன் காசு வாங்கியிருக்கவே முடியாதாம், கண்ணைப் பார்த்தாலே தெரிந்துவிட்டதாம். அக்காவிடம் சொன்னபோது அவளுக்கும் நிம்மதி.

இரண்டு நாள் கழித்துப் பக்கத்துத் தெருப் பூட்டுக்காரன் கடைக்கு வந்தான். வெட்டுக்கிளி வீட்டில் நேற்று பூட்டு மாற்றினேன், புதுப் பூட்டைப் போய் எதற்கு மாற்றுகிறார் என்றுதான் புரியவில்லை என்று சொல்லிச் சிரித்தான். மாமா கேட்டுக்கொண்டிருந்தார். அரத்தைத் துடைத்து வைத்தார்.

"நல்ல பூட்டாத்தானே போட்டிருக்கே?" என்றார்.