நான் வெட்டிய பன்னிரண்டு நொடி

பதின்மூன்று வயதில் நான் டைரக்டர் ஆகிவிட்டேன். அதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. கேளம்பாக்கத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த ஓர் அக்கா, சனிக்கிழமைதோறும் செம்பாக்கம் ஏரிக்கரைக்கு வந்து, எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் செல்போனில் படம் எடுக்கச் சொல்லிக்கொடுத்தார். உங்கள் தெருவைப் பற்றி யார் யாரோ பேசுகிறார்கள், இனி நீங்களே பேசுங்கள் என்பார். பேசுவதற்கு என்னிடம் பஞ்சமா என்ன!

நான் அம்மாவை எடுத்தேன். அம்மா பேட்டரி வண்டியில் வீடு வீடாகப் போய்க் குப்பை வாங்குபவள். கேமராவைப் பார்த்தால் வெட்கப்படுவாள் என்று நினைத்திருந்தேன். அவளோ கட்டுப்போட்ட விரலை நேராக லென்ஸுக்கு முன்னால் நீட்டிவிட்டாள்.

"ஒடஞ்ச கண்ணாடிய பேப்பர்ல சுத்தி தனியா குடுங்கம்மா. கவருக்குள்ள போட்டுட்றீங்க, கை கிழிஞ்சி பூடுது. இது மூணாவது வாட்டி."

எனக்கு மானமே போயிற்று. அழுக்கேறிய கட்டு, அதற்கு மேல் இந்தப் பேச்சு. டிவியில் யாராவது இப்படிப் பேசுகிறார்களா? அந்தப் பன்னிரண்டு நொடியை வெட்டிவிட்டு ஏரியில் சூரியன் எழுவதைப் போட்டேன். தூய்மை நம் அனைவரின் கடமை என்று செய்தி வாசிப்பவரைப் போல என் குரலையும் சேர்த்தேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அக்காவிடம் ஒரு கண்டிப்பு உண்டு. யாரை எடுத்தோமோ அவர்களுக்குக் காட்டிய பிறகுதான் திரையிட வேண்டும்.

"அம்மா பாத்துட்டாங்களா?" என்று கேட்டார்.

பார்த்துவிட்டார்கள், அழுதே விட்டார்கள் என்றேன். பொய்யென்றாலும் டைரக்டர் பொய் அல்லவா, கண்ணீர் இல்லாமல் எப்படி?

ஞாயிறு மாலை சர்ச் ஹாலில் திரையிடல். அழைப்புச் சீட்டுகளை அக்காவிடம் கேட்டு வாங்கிய அம்மா, ஒரு வாரமாகக் குப்பை வாங்கும் வாசலிலெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தாள். பாதி வீட்டுக்காரர்களாவது வந்திருந்தார்கள். அவள் கல்யாணங்களுக்குக் கட்டும் பச்சைப் புடவையில் முன் வரிசையில் இருந்தாள். படம் முடிந்ததும் கைதட்டல் ஓயவில்லை. ஒரு சார் எழுந்து வந்து என் தமிழ் உச்சரிப்பைப் பாராட்டிவிட்டுப் போனார்.

அம்மாவும் கைதட்டினாள், அந்த ஒரு விரலை மட்டும் விலக்கிவைத்துக்கொண்டு. பிறகு என் பக்கம் குனிந்தாள்.

"கண்ணாடி பத்தி சொன்னேனே, அது வர்லியா?"

"டைம் பத்தலம்மா."

"சரி வுடு. நல்லாத்தான் கீது."

வீடு வரும்வரை அவள் வேறெதுவும் பேசவில்லை. பெருமையில் வாயடைத்துப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, படத்துக்குக் கிடைத்த பரிசுக் கோப்பையை ஆட்டியபடி முன்னால் நடந்தேன். அவள் அழைப்புச் சீட்டு கொடுத்ததுகூட எனக்காகத்தான் என்று நினைத்தேன். தினமும் கவரை நீட்டிவிட்டு முகத்தைப் பார்க்காமல் உள்ளே போகிறவர்கள், ஒரே இடத்தில் உட்கார்ந்து தான் சொல்வதைக் கேட்கப்போகிறார்கள் என்றுதான் அவள் அத்தனை பேரையும் அழைத்திருந்தாள் என்பது எனக்கு அன்று புரியவில்லை.