மஸ்கட் நர்ஸ் ஜினமதியின் சேமிப்பு

மஸ்கட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினாறு ஆண்டுகளாக நர்ஸ் வேலை பார்க்கும் ஜினமதிக்கு ஆண்டுக்கு இருபத்தொரு நாள் விடுப்பு. அதில் முதல் இரண்டு நாள் தூக்கத்திலேயே போய்விடும். இந்த முறை மூன்றாம் நாள் காலை சொந்த ஊரான வேங்கிக்காலில் ஆட்டோ பிடித்து நேராக வங்கிக்குப் போனாள்.

ஊருக்குக் கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது அவள் போனுக்கு ஒரு செய்தி வந்திருந்தது. இரண்டாம் ஆண்டுத் தவணை மூன்று லட்சம் ரூபாய் அடுத்த மாதம் உங்கள் கணக்கிலிருந்து எடுக்கப்படும் என்றது அது. வார்டு வாசலில் நின்று அதை நாலு தடவை படித்தாள். போன விடுப்பில் மூன்று லட்சத்தை ஐந்து வருஷ டெபாசிட்டில் போட்டுவிட்டுப் போனதாகத்தான் அவள் நினைத்திருந்தாள்.

அதைப் போட வைத்தவன் இளவரசன். வங்கியில் மூலை மேசையில் உட்கார்ந்திருந்த சிரித்த முகக்காரன். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அவள் தம்பி அர்ஹந்துக்குப் பழக்கம். "ஃபாரின்ல இருக்கறவங்களுக்குன்னே வந்த ஸ்கீம் மேடம். ஒரு தடவ போட்டா போதும், வட்டி ஜாஸ்தி" என்று சொல்லி ஒன்பது இடத்தில் கையெழுத்து வாங்கினான். மறுநாள் விமானம் பிடிக்க வேண்டிய அவசரத்தில் அவளும் போட்டுக் கொடுத்தாள்.

இப்போது மூலை மேசை காலியாக இருந்தது. அவன் வேலையை விட்டுப் போய் ஆறு மாதம் ஆகிறதாம். மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இது டெபாசிட் இல்லீங்க. இன்சூரன்ஸோட சேர்ந்த ஃபண்டு. பத்து வருஷம் கட்டணும். வேணாம்னா பத்திரம் வந்த முப்பது நாளுக்குள்ள சொல்லியிருக்கணும். இப்ப நிறுத்தினா அஞ்சு வருஷத்துக்கு அப்புறம் பிடிச்சது போக மிச்சம் வரும்."

ஜினமதி எழுந்துகொண்டாள். சண்டை போடத் தெம்பு இல்லை. அரபு நாட்டு நோயாளிகளிடமும் அவர்கள் வீட்டாரிடமும் பேசிப் பேசி அவள் குரலே தேய்ந்து போயிருந்தது.

டெபாசிட் பிரிவில் இருந்த மணிமொழி என்ற பெண் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். கணக்கைத் திறந்து பார்த்தவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

"நீங்க வெளிநாட்டுல வேல பாக்கறது பதினாறு வருஷமாவா? இன்னும் சாதா சேவிங்ஸே வெச்சிருக்கீங்களே. அப்படி வெச்சிருக்கக் கூடாதுங்க."

"யாரும் சொல்லலியேம்மா."

"யாரும் சொல்ல மாட்டாங்க." அவள் ஒரு தாளில் இரண்டு கட்டம் போட்டாள். "இந்தக் கணக்க என்.ஆர்.ஓ.வா மாத்திடலாம். உங்க வீட்டு வாடகை மாதிரி இங்க வர்ற காசு இதுல. வட்டிக்கு வரி பிடிப்பாங்க. அங்க சம்பாதிச்சு அனுப்பறதுக்கு என்.ஆர்.இ.னு புதுசா ஒண்ணு. அந்த வட்டிக்கு இங்க வரி இல்ல. வேணும்னா பணத்த அப்படியே அங்க திருப்பி எடுத்துக்கலாம்."

"ஃபண்டுல போட்டா ஜாஸ்தி வரும்ங்கறாங்களே?"

"வரலாம், கம்மியாவும் ஆகலாம். எப்ப திரும்பி வர்றீங்க?"

"ரெண்டு வருஷம். அதுக்கு மேல முதுகு தாங்காது."

"அப்ப ரெண்டு வருஷத்துல தேவப்படற காச அதுல போடாதீங்க." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "அந்தப் பத்திரம் எப்பங்க உங்க கைக்கு வந்துச்சு?"

அப்போதுதான் ஜினமதிக்கு உறைத்தது. பத்திரத்தை அவள் கண்ணால் பார்த்ததே இல்லை.

அவள் தங்கியிருந்த தம்பி வீட்டில் பீரோவின் அடித்தட்டில், சேலைகளுக்குக் கீழே, யாரோ வாங்கி வைத்த கூரியர் உறை பிரிக்காமல் கிடந்தது. அவள் விமானம் ஏறிப் பன்னிரண்டு நாள் கழித்த தேதி அதன் மேல் இருந்தது. பாஸ்போர்ட்டில் வெளியேறிய முத்திரையும் தெளிவாக இருந்தது. முப்பது நாளும் அவள் ஊரிலேயே இல்லை.

சமணர்களான அவர்கள் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். ஐந்தரை மணிக்குத் தட்டு போட்டதும் ஜினமதி உறையைத் தம்பி முன்னால் வைத்தாள்.

"இதப் பத்தி எனக்கு இன்சூரன்ஸ் கம்பெனிலேர்ந்து ஒரு போன்கூட வரலியே அர்ஹந்து. கேக்காமயா பாலிசி போடுவாங்க?"

அர்ஹந்த் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். ரசப் பாத்திரத்தோடு வந்த அவன் மனைவி த்ரிசலா நின்றுவிட்டாள்.

"வந்துச்சு அண்ணி. எனக்கு வந்துச்சு" என்றாள். "ஃபாரத்துல என் நம்பர போட்டிருந்தாங்க. நான் ஜினமதின்னு சொல்லி எல்லாத்துக்கும் ஆமா சொல்லுங்க, சும்மா ஒரு சம்பிரதாயம்னு அந்த இளவரசன் சொன்னாரு. அவங்க இங்கிலீஷ்ல என்னவோ படிச்சாங்க. நான் ஆமா, ஆமான்னேன்."

ஜினமதி உறையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அத எழுதிக் குடுப்பியா?" என்றாள் ஜினமதி.

அர்ஹந்த் நிமிர்ந்தான். "வெளையாடறியாக்கா? கலெக்டர் ஆபீஸ் எதிர்ல கட வெச்சிருக்கேன். என் பொண்டாட்டி ஆள் மாறிப் பேசினான்னு நாமளே எழுதிக் குடுக்கறதா? மூணு லட்சந்தான, போனா போவுதுன்னு விடு."

"மூணு லட்சந்தானா?" அவள் குரல் உயரவில்லை. "அது எனக்கு எத்தன நைட் டூட்டி தெரியுமாடா?"

அவன் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டான். தம்பியைப் பின்தொடர்ந்து போய்ச் சமாதானம் செய்ய வேண்டும் என்றுகூட ஜினமதிக்குத் தோன்றவில்லை. தட்டின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை, காப்பி கொடுக்கும்போது த்ரிசலா ஒரு தாளை நீட்டினாள். நடந்ததை நடந்தபடியே இரண்டு பக்கம் எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"அவரு கோச்சுப்பாரு. கோச்சுக்கட்டும் அண்ணி. ஆமா சொன்னது நான்தான?"

அந்தத் தாள், பிரிக்காத உறையின் படம், பாஸ்போர்ட் நகல் எல்லாவற்றையும் சேர்த்து ஜினமதி காப்பீட்டு நிறுவனத்துக்குப் புகார் அனுப்பினாள். தவணை எடுப்பதை மணிமொழி நிறுத்தி வைத்தாள். பழைய கணக்கை மாற்றுவதற்கும் புதியதைத் திறப்பதற்கும் விசா நகல், வேலைச் சான்று, இரண்டு போட்டோ என்று நாலு தடவை அலைய வேண்டியிருந்தது. விடுப்பில் பாதி இப்படியே போயிற்று. ஊர்க் கோயில் வழியாக எத்தனையோ தடவை ஆட்டோவில் போனாள், இறங்கி உள்ளே போய்ப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை.

கிளம்பும் நாளில் அர்ஹந்த் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தான். "பாத்துப் போக்கா" என்றான். அவள் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

காப்பீட்டு நிறுவனம் முதலில் மறுத்தது. அதற்கு மேலே இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதினாள். விசாரணைக்கு வீடியோ அழைப்பில் வரச் சொன்னார்கள். டூட்டி உடையிலேயே உட்கார்ந்து பதில் சொன்னாள். வேங்கிக்காலிலிருந்து த்ரிசலாவும் சேர்ந்துகொண்டு, "நான் பண்ணது தப்புதாங்க, ஆனா எங்க அண்ணிக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றாள். புகார் அனுப்பிய ஒன்பதாம் மாதம் மூன்று லட்சமும் திரும்பி வந்தது. வட்டி கிடையாது.

செய்தியைப் பார்த்தபோது ஜினமதிக்குச் சந்தோஷம் என்று பெரிதாக எதுவும் வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள். மஸ்கட்டில் இதுவரை சேர்த்ததையெல்லாம் என்.ஆர்.இ. கணக்கில் இரண்டு வருஷத்துக்குச் சாதாரண டெபாசிட்டாகப் போட்டிருந்தாள். எவ்வளவு வரும் என்பது முதல் நாளே தெரிந்துவிடும் டெபாசிட். அதற்கு மேல் எதையும் யோசிக்க அவளால் ஆகவில்லை.

அந்த டெபாசிட் படிவத்தில் வாரிசுதாரர் பெயர் கேட்ட இடத்தில் மட்டும் அவள் கொஞ்சம் நிறுத்தினாள். பழைய கணக்கில் அங்கே தம்பி பெயர் இருந்தது. இதில் த்ரிசலா என்று எழுதினாள்.