சரித்திர டீச்சருக்குக் கிடைத்த நாற்காலி

எங்கள் பள்ளியில் தலைமையாசிரியரை யாரும் எதிர்த்துப் பேச மாட்டோம். "சரிங்க மேடம்" என்போம், எழுந்து வருவோம், செய்ய மாட்டோம். நாலு நாள் போனால் உத்தரவு தானாகச் செத்துவிடும். இந்த வித்தையில் கரை கண்டவர் சரித்திர டீச்சர். நான் விளையாட்டு வாத்தியாராகச் சேர்ந்த புதிதில் எனக்கும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். "தலையை மட்டும் ஆட்டுங்க மாஸ்டர், கால் நகரக் கூடாது."

போன வருஷம் அவரையே தலைமையாக்கினார்கள். முதல் நாள் பழைய பழக்கத்தில் டீ டம்ளரோடு எங்கள் ஆசிரியர் அறைக்கு வந்தார். அத்தனை பேரும் எழுந்து நின்றோம். "உக்காருங்கப்பா, என்ன கூத்து இது?" என்றார். உட்கார்ந்தோம், பேச்சு மட்டும் திரும்பவில்லை. மறுநாளிலிருந்து டீ அவர் அறைக்கே போனது.

கணக்கில் தேறாத பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பொதுப் பரீட்சைக்கு முன்பே வெளியேற்றச் சொன்னார் பள்ளி நிர்வாகி. இல்லாவிட்டால் பள்ளியின் பெயர் கெட்டுவிடுமாம். பெயராம் பெயர்! டீச்சர் சண்டை போட்டு அடுத்த மாதத் தேர்வு வரை தவணை வாங்கினார். வாங்கிய கையோடு கூட்டம் போட்டு, கணக்கு டீச்சர் சாயங்காலம் தனி வகுப்பு எடுக்க வேண்டும் என்றார்.

"சரிங்க மேடம்" என்றார் கணக்கு டீச்சர்.

சரித்திர டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. இருவரும் பல வருஷம் ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்டவர்கள்.

"முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுடி. வேற வழி பாக்கறேன்."

"நான் ஒண்ணும் சொல்லலையே மேடம்."

சாயங்காலம் பிள்ளைகள் இருந்தார்கள், கணக்கு டீச்சர் இல்லை. கடைசியில் தலைமையே சாக்பீஸை எடுத்தார். பாவம், சரித்திரம் படித்தவர்; பாதிக் கணக்கில் நின்று போர்டையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கோ விசில் ஊதத்தான் தெரியும். வாசலில் நின்று வயிறெரிந்ததுதான் மிச்சம்.

"மெமோ குடுங்க டீச்சர்" என்றேன்.

"குடுத்தா வருவா மாஸ்டர். போர்டோட பேசிட்டுப் போயிடுவா. நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்."

தேர்வில் ஒரு பிள்ளையும் தேறவில்லை. வெளியேற்றும் உத்தரவில் அவரே கையெழுத்துப் போட்டார். பிள்ளைகளிடம் சொல்லவும் அவரே போனார். துணைக்கு நானும் போனேன். வீட்டிலிருந்து படிக்கலாம், தனியாகப் பரீட்சை எழுதலாம் என்று என்னென்னவோ சொன்னார். யாரும் அழவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"நாளைக்கு யூனிஃபார்ம் போடணுமா, வேணாமா டீச்சர்?"

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.