கிழங்கும் மோரும் பிரிஜிட்டும்

போன வாரம் என் சமையலை ஒருவர் தொடாமலே திருப்பி அனுப்பினார். என் சமையலை... நம்புகிறீர்களா?

அனுப்பியவர் பிரிஜிட். லண்டன் ஆர்ச்வேயில் எங்கள் பக்கத்து வீட்டு அயர்லாந்துக்காரி. இடுப்பு ஆபரேஷன் முடிந்து வந்ததிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. "இப்படியே இருந்தால் முதியோரைப் பார்க்கும் கேர் ஹோம்தான், ஞாயிற்றுக்கிழமை வந்து முடிவு செய்கிறேன்" என்று மகள் சொல்லிவிட்டார். பிரிஜிட்டுக்கோ அந்த வீட்டை விட்டுப் போவதென்றால் உயிர் போகிற மாதிரி.

நான் சும்மா இருப்பேனா? இடியப்பமும் கோழிக்கறியும் கொண்டுபோனேன். அதுதான் அப்படியே திரும்பியது. சரி, உறைப்புதான் காரணம் என்று உருளைக்கிழங்கைத் தோல் சீவி, அவித்து, மசித்துக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"தோலைச் சீவிவிட்டா அவிப்பாய்? ருசியெல்லாம் தண்ணீரோடு போய்விடுமே."

சின்ன வயதில் அவர் வீட்டில் தோலோடுதான் அவிப்பார்களாம். தண்ணீரை வடித்து, கூடையில் கொட்டி, மேசை நடுவில் வைப்பார்கள். தொட்டுக்கொள்ள உப்பு, குடிக்க மோர். அநேக நாட்களில் சாப்பாடே அவ்வளவுதான்.

மோரா? அதில் எனக்கு யார் பாடம் எடுப்பது?

ஞாயிறு மதியம் கிழங்கு அவிந்தது. மோரும் தயார். என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா, அந்த மனுசிக்குப் பச்சை மிளகாய் போட்டோ மோர் கரைச்சனீங்கள்? உங்களோட ஏலாது."

கைப்பழக்கம்! சின்ன வெங்காயம், மிளகாய், கறிவேப்பிலை... எல்லாம் உள்ளே. அவசரமாக வடிகட்டினேன். வாசம் போகவில்லை. வெளியே பிரிஜிட்டின் மகளின் கார் வந்து நின்றது. வேறு வழியில்லாமல் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

பிரிஜிட் மோரை ஒரு மிடறு குடித்தார். யோசித்தார்.

"வெங்காயம். சில நாள் எங்கள் வீட்டிலும் போடுவோம். இந்த உறைப்புதான் புதுசு" என்றார்.

பிறகு முள்ளுக்கரண்டியைத் தள்ளி வைத்தார். கையாலேயே தோலை உரித்து, உப்பில் தொட்டு, மோரில் தோய்த்து... ஒன்று முடிந்து அடுத்ததை எடுத்தார்.

மகள் திகைத்துப்போய் நின்றார். "அம்மா, கையாலா? நான் அப்படிச் சாப்பிட்டால் திட்டுவீர்களே."

"லண்டனுக்கு வந்த பிறகு பழகிய வெட்கம் அது" என்றார் பிரிஜிட்.

எனக்குச் சுருக்கென்றது. வெள்ளைக்காரர் விருந்துக்கு வந்தால் நாங்களும் முள்ளுக்கரண்டியோடு மல்லுக்கட்டுகிறவர்கள்தானே?

மகள் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவரும் ஒரு கிழங்கை எடுத்தார். "நாளைக்கும் இதையே செய்து தருவீர்களா?" என்று என்னிடம் கேட்டார். கேர் ஹோம் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

வருகிற ஞாயிறு பிரிஜிட் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார் — முள்ளுக்கரண்டி வைக்கப்போவதில்லை.