ஸ்பெயினுக்குப் போன கிழவரும் என் மனுசனும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் ஊரைவிட்டு வந்து, வெக்ஸ்போர்ட்டில் ஒரு அப்பார்ட்மென்டில் இருந்தோம். இருந்தோம் என்று எங்கே சொல்வது? என் மனுசன் ஓரிடத்தில் இருந்ததே இல்லை. வானொலியில் ஊர்ச் சண்டைச் செய்தி வந்தால் சோற்றை வைத்துவிட்டு எழும்பி நடப்பார். ஜன்னலுக்கும் கதவுக்கும், கதவுக்கும் ஜன்னலுக்கும். இந்தக் குளிருக்குள் கோப்பை கழுவவா வந்தேன், திரும்பிப் போய்ச் சண்டையில் நிற்கப் போகிறேன் என்று ஒருநாள் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கீழ்மாடியில் ஒரு வெள்ளைக்காரக் கிழவரைப் பராமரிப்பது என் வேலை. ஸ்பெயினின் உள்நாட்டுப் போரில் பாசிஸ்டுகளோடு சண்டை பிடிக்கவென்று இளவயதில் இங்கிருந்து தானாகவே போனவர். தன் நாடும் இல்லை, தன் சனமும் இல்லை, என்ன விசரோ! ஆற்றைக் கடந்துபோய்ப் பிடித்த ஒரு சண்டையில் கூட்டாளிகள் செத்துப்போக, இவர் நொண்டிக் காலோடு திரும்பி வந்தார். அந்தக் காலைக் கண்டால் மனுசனுக்குப் புத்தி வரும் என்று கூட்டிக்கொண்டு போனேன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. போனதற்காக மனம் வருந்தினீர்களா என்று மனுசன் கேட்க, இல்லை, நாளைக்குக் கூப்பிட்டாலும் போவேன் என்றார் கிழவர். பிறகென்ன, இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். வேலை முடிந்தால் மனுசன் நேரே அங்கேதான். கிழவர் மேசையில் அந்த ஆற்றுச் சண்டையைப் பரப்பிக் காட்டுவார்: உப்புப் போத்தல் மலையாம், கரண்டி ஆறு கடந்த வள்ளமாம். ஒருநாள் மேலே வந்து சூட்கேசை இறக்கி வைத்தார்.

நான் கீழே போய்க் கிழவரிடம் வெடித்தேன். என் மனுசனைச் சாகக் கொடுக்கப் பார்க்கிறீர் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் கத்தினேன். அவர் கோபிக்கவில்லை. தான் வெளிக்கிட்ட அன்று தாய் யூனியன் ஸ்டேஷன்வரை வந்து, வழியில் சாப்பிடப் பாண் கட்டிக் கையில் தந்தாவாம். போகாதே என்று மட்டும் சொல்லவில்லையாம்.

“ரயில் அசையும்வரை அம்மா சொல்லுவா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்,” என்றார்.

சொல்லியிருந்தால் நின்றிருப்பீரா என்று கேட்டேன். தெரியாது என்றார்.

படியேறும்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் மனுசனை ஏசினேன், சட்டிபானையை அடித்து வைத்தேன், கதைக்காமல் கிடந்தேன். நேரே அந்த ஒரு சொல்லை நானும்தான் சொல்லவில்லை. சொன்ன பிறகும் அவர் போய்விட்டால் என்ன செய்வேன் என்ற பயம்.

கதவைத் திறந்ததும் மனுசனிடம் சொன்னேன்: “இஞ்சரப்பா, போகாதேங்கோ. எனக்கு நீங்கள் வேணும்.”

மனுசன் சூட்கேசுக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தி இருந்துவிட்டார். “அப்ப அங்கை நிக்கிற சனம் என்ன செய்யும்?” என்று கேட்டு அழுதார்.

போகாதேங்கோ என்று திரும்பவும் சொன்னேன்.